ட்வெய்ட்டாவில் எடுத்த கல்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
20.01.2008

மச்சாள் சத்தியபாமாவுக்கு,

1997ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, லில்லெஸ்ட்ரோமில் உம்முடைய வீட்டு வாசலில் நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதுகிறேன். நான். உம்முடைய அண்ணர். நீர். உம்முடைய மகள் சுஜானி. அவளுடைய மகன் கிருஷிகன், பதினொரு வயது, மூக்கைத் துடைக்காமல் நின்றவன். என் மகன் சந்திரகுமார். வான் ஓட்டி வந்த பிலேந்திரன். குளிர் என்று முன் சீற்றை விட்டு இறங்காமலே கண்ணாடியைக் கீழே இறக்கிக் கதைத்த அவர் மனைவி மக்டலீன். எட்டுப் பேர். உம்முடைய அண்ணரைத் தவிர மற்ற ஏழு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறோம். அதனால் அப்படி நடக்கவில்லை என்று நீர் சொல்ல முடியாது.

வானுக்குள் இருந்து அம்மிக் கல்லை இறக்கினதும் எல்லோருக்கும் கேட்கத் தக்கதாக நான் சொன்னது இது: "பாமா, கல்லை வைச்சிரு. கேக்கேக்கை தா." நீர் சொன்னது: "உதென்ன கதை மச்சாள், எப்ப வேணுமெண்டாலும் வந்து எடுங்கோ."

இப்போது கேட்கிறேன். தாரும்.

இனிச் சுகம் விசாரிக்கிறேன். உம்முடைய முழங்கால் எப்படி? எனக்குச் சீனி கூட, நித்திரை குறைவு. மற்றப்படி இருக்கிறேன்.

என் மகளின் பிள்ளை மயூராவுக்கு யூன் இருபத்தோராம் திகதி கல்யாணம் என்று சுஜானி சொல்லியிருப்பாள். மண்டபம் சோடிக்கிற ஆட்கள் அம்மியும் தாங்களே கொண்டு வருவார்களாம். போய்ப் பார்த்தேன். தங்க நிறம் பூசின பிளாஸ்ரிக். தட்டினால் வெறும் டப்பாச் சத்தம். "அம்மம்மா, ஃபோட்டோவிலை வடிவா இருக்கும்" என்கிறாள் மயூரா. கல்லைப் போல நிலையாக நில் என்றுதானே பெண்ணை அம்மி மிதிக்கச் சொல்வது? என் பேத்தி பிளாஸ்ரிக்கை மிதிக்கிறதை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன்.

டெலிபோனில் ஏன் கேட்கவில்லை என்று யோசிப்பீர். டெலிபோனில் சொன்னதைப் பிறகு சொல்லவில்லை என்று சொல்லலாம். கடுதாசியில் அப்படிச் சொல்ல ஏலாது.

கவனமாக இரும், வெளியெல்லாம் வழுக்குகிறது.

ராசமலர்


லில்லெஸ்ட்ரோம்
11.02.2008

அன்புள்ள மச்சாளுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் சீனியைக் குறைத்துச் சாப்பிடுங்கள், உங்களுக்குச் சொல்லிக் கேட்பிக்க யாரும் இல்லை. முழங்கால் பரவாயில்லை. பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும்.

மயூராவின் கல்யாணத்துக்குக் கல்லைத் தாராளமாகக் கொண்டு போங்கள், இரவல் தருகிறேன். ஒரு கிழமைக்கு முதல் சொன்னால் போதும். ஆனால் திங்கட்கிழமை திரும்பி வந்துவிட வேண்டும், ஆவணியில் இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். இப்போது அதன் மேல் கறிவேப்பிலைச் சாடி வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு அந்த உயரம்தான் சரி.

நீங்கள் "தாரும்" என்று ஒரு மாதிரி எழுதியிருந்தீர்கள். கிருஷிகனிடம் காட்டினேன். அவன் சட்டம் படிக்கிறான் தெரியும்தானே, இந்த வருடம் ரோமருடைய பழைய சட்டமாம். ஒரு பொருளை ஒருவர் கையில் வைத்திருந்தால் மற்றவர் சும்மா வந்து பறிக்க ரோமர் விடமாட்டார்களாம். நான் கேட்டு எழுதவில்லை, அவனாகவே சொன்னான்.

மயூராவுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன் மச்சாள்,
சத்தியபாமா


ட்வெய்ட்டா
15.02.2008

சத்தியபாமாவுக்கு,

உம்முடைய கடிதம் வர முதல் நாள் என் பிரஷர் நூற்று நாற்பது. வந்த அன்று நூற்று எழுபது. இதுதான் என் சுகம்.

இரவலா? என் கல்லை எனக்கு இரவல் தர நீர் யார்? சாடி வைத்திருக்கிறீராமே! பதின்மூன்று பெண்கள் கால் வைத்த கல் அது, பதின்மூன்று பேரின் பெயரும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

அந்தக் கல் எப்படி வந்தது என்று உமக்குத் தெரியாது. நீர் அப்போது ஊரில். 1989 யூலையில், கடைத்தொகுதியில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு நான் தனியாக வருகிறேன். தெருவைக் கிண்டி, நடைபாதை விளிம்பில் இருந்த பழைய கற்களை எல்லாம் குவித்துப் போட்டிருந்தார்கள், லொறியில் ஏற்றிக் கொட்டுவதற்கு. அதில் ஒன்று முழ நீளம், ஒரு பக்கம் மட்டம். கையைக் காட்டிக் கேட்டேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டு எடு, எடு என்று கை வீசினான். பிறகு பாவம் பார்த்து அவனே தூக்கி என் இழுவைப் பைக்குள் வைத்துவிட்டான். வாசலுக்கு வர ஒரு சில்லு கழன்றது. உம்முடைய அண்ணர் மேலே இருந்து இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை: "உமக்கென்ன விசரே?"

விசர்தான். அந்தச் சித்திரையில் நடந்த கல்யாணத்தில் கல் இல்லை என்று மிக்ஸி மூடியைக் கவிழ்த்து வைத்து மிதிக்கச் சொன்னார்கள். சடார் என்று வெடித்துப் பெண்ணின் காலில் இரத்தம். என் மகன் சந்திரகுமாரின் கல்யாணத்தில் அது நடக்கக் கூடாது என்று நான் எடுத்த கல். ஊரில் கல்லறைக் கல் செதுக்கின பிலேந்திரன், எங்கள் கட்டடத்து நிலவறையில் மூன்று பின்னேரம் இருந்து கொத்தித் தந்தார். நிலவறையைக் காலி பண்ணு என்று கட்டடம் பார்க்கிறவன் கத்தினதால்தான் உம்மிடம் வந்தது. உமக்கு வீட்டுக்குக் கீழே இடம் இருந்தது. அவ்வளவுதான்.

ரோமர் இதைக் கேட்டால் என் பக்கம்தான் நிற்பார்கள். சாடியை இறக்கும்.

ராசமலர்


லில்லெஸ்ட்ரோம்
02.03.2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் பிரஷரை நினைத்து இரண்டு கிழமையாக எழுதுவதா விடுவதா என்று இருந்தேன். நீங்கள் கோபத்தில் எழுதினதை நான் மனதில் வைக்கவில்லை. சாடியை இறக்கிவிட்டேன்.

நீங்கள் கல்லை எடுத்த கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் வந்த நாளிலிருந்து சனம் எல்லாம் "அண்ணற்றை கல்லு" என்றுதானே சொல்லும். ஒருவரையும் நீங்கள் திருத்தினதை நான் கேட்டதில்லை.

சொல்லாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள். 2003 மாசி பன்னிரண்டு, ஆஸ்பத்திரி. அறையில் நானும் சுஜானியும். நீங்கள் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அண்ணர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாமா, அந்தக் கல்லை நீ திருப்பிக் குடுக்காதை. அது இனி உன்ரை. நான் தாறன்." சுஜானி சாட்சி. அதற்குப் பிறகு ஆறு நாள்தான் இருந்தார்.

அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதனால்தான் ஐந்து வருடமாக நீங்கள் கேட்கவில்லை என்றும் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு நான் தருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான்.

மச்சாள்,
சத்தியபாமா


ட்வெய்ட்டா
09.04.2008

தம்பி கிருஷிகனுக்கு,

ட்வெய்ட்டா அம்மம்மா எழுதுகிறேன். படிப்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு. என் சுகத்தைக் கேட்காதே.

உன் அம்மம்மாவுக்கு ரோமரைப் பற்றி அரைகுறையாக ஏதோ சொல்லியிருக்கிறாய். இப்போது எனக்கு முழுதாகச் சொல்லு. அவவுக்கும் எனக்கும் போன கடிதங்கள் நான்கையும் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. நோர்வேச் சட்டம் எனக்கு வேண்டாம், அம்மி என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே இரண்டு வருடம் போகும். ரோமர் பழைய ஆட்கள், கல்லோடு புழங்கினவர்கள், அவர்கள் சொல்லட்டும்.

ஒரேயொரு கேள்வி. கல் யாருடையது?

அம்மம்மாவின் பக்கம் சாயாமல் எழுது. சாய்ந்தால் கண்டுபிடிப்பேன். எட்டு வயதில் என் கண்ணாடிச் சாடியை உடைத்துப்போட்டு "பூனை" என்று சொன்னவன் நீ. எங்கள் வீட்டில் பூனை இருந்ததில்லை.

ட்வெய்ட்டா அம்மம்மா


ஒஸ்லோ
20.04.2008

அன்புள்ள ட்வெய்ட்டா அம்மம்மா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். கேட்கக் கூடாது என்றதால் கேட்கவில்லை. எனக்கு மே மாதம் எக்சாமன். தமிழில் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தரம், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. பூனைக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களுடையது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஒரு பொருள் யாருடைய கையில் இருக்கிறது என்பது ஒன்று. அது யாருடையது என்பது வேறு. இதை ரோமர் கலக்கவே மாட்டார்கள். நான் அம்மம்மாவுக்கு முதலாவதைத்தான் சொன்னேன், அவ இரண்டாவதாக எடுத்துவிட்டா. எனக்கும் தலையிடி.

வேண்டாம் என்று எறிந்த கல்லை முதல் எடுத்தவர் நீங்கள். அப்போதே அது உங்களுடையது. பிலேந்திரன் மாமா உங்களுக்காகத்தான் கொத்தினார், அதனால் அவருக்கு உரிமை இல்லை. லில்லெஸ்ட்ரோம் அம்மம்மாவிடம் வைத்திருக்கக் கொடுத்தீர்கள். நூறு வருடம் வைத்திருந்தாலும் அது அவவுடையதாகாது, "இனி என்ரை" என்று அவ தானாக மாற்றவும் முடியாது. இதுவரை நீங்கள்தான் வெற்றி.

ஆனால் ஆஸ்பத்திரி இருக்கிறது. கல் உங்களுடையது என்றால், ட்வெய்ட்டா அம்மப்பா கொடுத்தது செல்லாது. தன்னுடையது இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. ஆனால் வாங்கினவ, கொடுத்தவருடையது என்று உண்மையாக நம்பி வாங்கினா. எல்லோரும் அதை அம்மப்பாவின் கல் என்றுதான் சொன்னார்கள். நீங்களும் வாசலில் "கல்லை வைச்சிரு" என்றுதான் சொன்னீர்கள், யாருடையது என்று சொல்லவில்லை. அப்படி நல்ல மனதோடு வாங்கி வைத்திருந்தால், தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள் ஒரு வருடத்தில் அவவுடையதே ஆகிவிடும். ஐந்து வருடம் போய்விட்டது.

ஒரேயொரு விலக்கு. களவுபோன பொருள். அது எத்தனை நல்லவர்களின் கைக்குப் போனாலும், எத்தனை வருடம் போனாலும், சொந்தக்காரருடையதுதான். வேலி பாய்ந்து எடுப்பது மட்டும் ரோமருக்குக் களவு இல்லை. மற்றவருடையது என்று தெரிந்துகொண்டே தன்னுடையது போல எடுத்துக் கொடுத்தாலும் களவுதான்.

அதனால் முழுவதும் ஒரு விசயத்தில் நிற்கிறது. கல் உங்களுடையது என்று அம்மப்பாவுக்குத் தெரியுமா? தன்னுடையது என்று நினைத்துக் கொடுத்திருந்தால் அவர் நல்லவர், கல் லில்லெஸ்ட்ரோமில். தெரிந்தே கொடுத்திருந்தால் கல் உங்களுடையது, அவர் கள்வன்.

யோசித்துச் செய்யுங்கோ அம்மம்மா. நான் யாருடைய பக்கமும் இல்லை.

கிருஷிகன்


ட்வெய்ட்டா
24.04.2008

தம்பி பிலேந்திரனுக்கு,

துரொண்ட்ஹெய்மில் நீரும் மக்டலீனும் சுகமாக இருக்க வேண்டும். மகள் எமிலியின் பிள்ளை நடக்கிறதா?

1989இல் எங்கள் நிலவறையில் நீர் கல் கொத்தினது நினைவிருக்கும். மூன்று பின்னேரமும் இவர் உம்மோடு பக்கத்தில் இருந்தவர். அந்தக் கல்லை நான் கண்டு எடுத்தது, அது என்னுடையது என்று இவருக்கு வடிவாகத் தெரியும் என்பதற்குச் சாட்சி வேண்டும். அவர் வாயால் ஏதாவது சொன்னது நினைவிருந்தால், சொன்ன சொல் மாறாமல் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பும். படிக்கிற பொடியன் ஒருவன் இதைப் பற்றிப் பெரிய பெரிய சொல்லெல்லாம் எழுதியிருக்கிறான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் கல் எனக்கு வர வேண்டும், கல்யாணத்துக்கு எட்டுக் கிழமைதான் இருக்கிறது.

கெதியாக எழுதும். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

அக்கா


துரொண்ட்ஹெய்ம்
12.05.2008

அன்பின் அக்காவுக்கு,

யேசுவின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். பிள்ளை நடக்கிறான், ஓடவும் தொடங்கிவிட்டான். நீங்கள் பிரஷர் குளிசையை விடாமல் எடுங்கள் என்று மக்டலீன் சொல்லச் சொல்கிறா.

கெதியாக எழுதச் சொன்னீர்கள். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். சொன்ன சொல் மாறக்கூடாது என்று கேட்டபடியால் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் உளியை வைக்க அண்ணை சொன்னார்: "டேய், பாத்துக் கொத்து. அது உன்ரை கொக்காவின்ரை கல்லு. என்ரை பங்கு அதிலை ஒரு தூசியும் இல்லை. பிழைச்சால் உன்னோடை சேத்து என்னையும் வீட்டாலை கலைச்சுப்போடுவா." இரண்டு பேரும் சிரித்தோம்.

நீங்கள் கேட்டது அதுதான். ஆனால் குறைத்தும் எழுத வேண்டாம் என்றிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கடைசியாக வந்தது மாசி பத்தாம் திகதி. நீங்கள் வெளியே டொக்டரோடு கதைத்துக்கொண்டு நின்றீர்கள். அண்ணை சொன்னார்: "பிலேந்திரா, பாமா சண்டைக்குள்ளை மூண்டு வரியம் தனியக் கிடந்தவள். நாங்கள் எல்லாரும் இஞ்சை வந்திட்டம். என்ரை கையாலை அவளுக்கு ஒண்டும் குடுக்கேல்லை. அந்தக் கல்லைக் குடுக்கப் போறன். அவளின்ரை வீட்டிலை ஒரு நல்ல காரியத்துக்கு எல்லாரும் வந்து கேட்டு நிக்கட்டும்."

நான் சொன்னேன்: "அண்ணை, அது அக்கான்ரை எண்டு நீங்களே சொன்னனீங்கள். ஒருக்கால் அவவைக் கேளுங்கோவன்."

அவர் சொன்னார்: "கேட்டால் மாட்டன் எண்டுவா. எனக்கு அவவைத் தெரியாதே? கேளாமலே குடுக்கிறதுதான் சுகம்."

இவ்வளவுதான் அக்கா. எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். பண்ண வேண்டி வராது என்று நம்புகிறேன்.

தம்பி,
பிலேந்திரன்


ட்வெய்ட்டா
01.06.2008

மச்சாள் சத்தியபாமாவுக்கு,

உம்முடைய முழங்காலுக்கு இந்த வெயில் நல்லது. காலையில் கொஞ்சம் நடவும். நான் குளிசை எடுக்கிறேன்.

கல் விசயமாகப் பிலேந்திரனுக்கு எழுதிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லையாம். அறுபத்தைந்து வயதில் மறதி வந்துவிட்டது, என்ன செய்வது. எல்லோருக்கும் என்னைப் போல் தலை இருக்காது.

எனக்கும் யோசித்துப் பார்க்க ஒன்று விளங்குகிறது. கண்டது நான் என்றாலும், மேலே தூக்கினது அவர், ஆள் பிடித்துக் கொத்துவித்தது அவர். தன்னுடையது என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. உம்முடைய அண்ணர் தன் கல்லைத்தான் உமக்குத் தந்தார். அதை நீர் ஒருவருக்கும் மறைக்க வேண்டியதில்லை. கிருஷிகனிடமும் இப்படியே சொல்லும். அவன் இனி இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லும். எக்சாமன் எப்படிச் செய்தான்?

யூன் இருபத்தோராம் திகதி மயூராவின் கல்யாணத்துக்கு உம்முடைய கல்லை ஒரு நாள் இரவல் தாரும். சந்திரகுமார் வந்து எடுப்பான். திங்கட்கிழமை திரும்பி வரும்.

கேட்கிறேன்.

ராசமலர்


லில்லெஸ்ட்ரோம்
05.06.2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுஜானி வாசிக்க நான் கேட்டேன், பிறகு நானே இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா? உண்மையாகச் சொல்லுங்கள். நீங்கள் இப்படி எழுதுகிற ஆள் இல்லை.

சந்திரகுமார் வர வேண்டாம். நாங்களே கழுவி, மஞ்சள் பூசி, கொண்டு வந்து வைக்கிறோம். ஒரேயொரு சொல், சோடிக்கிற ஆட்கள் அதன் மேல் தங்கப் பெயின்ற் அடிக்கக் கூடாது. கல்லுக்குப் பக்கத்தில் நான் நின்று பார்த்துக்கொள்வேன்.

கிருஷிகன் பாஸ். உங்கள் கேள்வி மாதிரி ஒன்று வந்ததாம். கடிதத்தில் நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "அம்மம்மா, அந்தக் கல்லைக் கவனமா வைச்சிருங்கோ" என்று மட்டும் சொன்னான்.

மச்சாள்,
சத்தியபாமா


ட்வெய்ட்டா
25.06.2008

தம்பி பிலேந்திரனுக்கு,

கல்யாணத்துக்கு நீங்கள் வராதது எனக்குக் கவலைதான், ஆனாலும் அதுவே நல்லது. வந்திருந்தால் பாமா உம்மைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டிருப்பாள். உமக்கு மறதி என்று அவளுக்கு எழுதிவிட்டேன். இனி அவளைக் கண்டால் மறதிக்காரனாகவே இரும். மக்டலீனுக்கும் சொல்லிவையும், அவவுக்கு வாய் நிற்காது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மயூரா வலது காலை எடுத்து வைத்தாள், கல் அசையவில்லை. மாப்பிள்ளை லதீசன் காலைப் பிடித்து வைத்தபோதும் அசையவில்லை. பாமா கல்லுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையோடு நின்றாள். வந்த சனமெல்லாம் "உங்கடை கல்லோ, எவ்வளவு கனம்" என்று அவளைக் கேட்டது. "அண்ணர் தந்தது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு முகமெல்லாம் பல். அவர் நினைத்தபடியே நடந்தது. நான் முன் வரிசையில் இருந்து பார்த்தேன். திங்கட்கிழமை சொன்னபடி போய்விட்டது.

உம்முடைய கடிதத்தை அடுப்பில் பிடித்து எரித்துவிட்டேன். புகை மணி அடித்துப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். எரித்து என்ன, எனக்குத்தான் ஒரு சொல்லும் மறக்காதே.

அந்தக் கடிதத்தை நான் காட்டியிருந்தால் கல் இன்றைக்கு என்னுடையது. காட்டினால் அவர் கள்வன். பொடியன் படித்த சட்டத்தில் மூன்றாவது வழி இல்லை. தங்கச்சிக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று கிடந்து அழுந்தின ஒரு மனிசனை, அந்தத் தங்கச்சிக்கு முன்னாலேயே கள்வன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கல் போனது. போகட்டும்.

ஆனால் தம்பி, உமக்கு ஒன்று சொல்ல வேண்டும், வேறு ஒருவருக்கும் சொல்ல ஏலாது. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். உருளைக்கிழங்கில் தொடங்கி, கழன்ற சில்லு வரை எல்லாம் சொல்லிக் காட்டியிருப்பேன். அவருடைய தங்கச்சியின் குணங்களையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். அதற்குப் பிறகு, சரி, குடுங்கோ என்று சொல்லியிருப்பேன். அவளை நாங்கள் விட்டுவிட்டு வந்தது எனக்குத் தெரியாதா? நான் நித்திரை கொண்டேனா அந்த மூன்று வருடமும்? ஓம் என்று சொல்லியிருப்பேன் தம்பி. அதைச் சொல்ல எனக்கு ஒரு தரம் விடவில்லை. நாற்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்துவிட்டு, எனக்குப் பதிலாகத் தானே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாமாவில் எனக்கு இப்போது கோபம் இல்லை. பொடியனில் இல்லை. உண்மையை எழுதின உம்மிலும் இல்லை, நான் கேட்டுத்தானே எழுதினீர். நீரும் மக்டலீனும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். புருசனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எழுதக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மகேசன்.